மாடில்லாத கயிறு

சூளகிரிச் சாலையில் தோளில் ஒரு கயிற்றைப் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். மாடு கட்டும் கயிறு. மாடு இல்லை.

ஓசூரைத் தாண்டும்போதே வெயில் ஏறிவிட்டது. ஆனாலும் மார்கழி முடிகிற சமயம். புளியமர நிழலுக்குள் நுழைந்தால் உடம்பு சில்லிட்டது. சாலையின் இரண்டு பக்கமும் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்து அவரைக்கு ஒரு தனி வாசம் உண்டு. பனியில் நனைந்த காயை நசுக்கினால் எண்ணெய் மாதிரி விரலில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்கப் போகாது. அந்த வாசமும், தோளில் கிடந்த கயிற்றின் வாசமும் கூடவே வந்தன. மாட்டு வியர்வை, வேப்பெண்ணெய், கொஞ்சம் பால்.

காமன்தொட்டியில் டீ குடிக்க நின்றேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாப்பா, மாடு அத்துக்கிட்டு ஓடிப்போச்சா?"

"இல்லண்ணா. வித்தாச்சு."

"அப்ப சரி. கயித்த வூட்டுக்கு எடுத்துட்டுப் போற. எந்த ஊரு?"

"சூளகிரியில ஒரு அக்கா வூடு."

"அக்கா மாட்ட நீ எதுக்கு வித்த?"

"நான் விக்கல. துரைசானி வித்தாங்க."

"துரைசானி வித்த மாட்டோட கயிறு, அக்கா வூட்டுக்கு எதுக்குப் போவுது?"

கேட்டவரைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நியாயமான கேள்வி கேட்டவர்கள் சிரிப்பதில்லை. நான் டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

வேறு ஜில்லாக்காரர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் மாட்டை விற்றாலும் கயிற்றை விற்பதில்லை. வாங்குகிறவன் தன் கயிற்றைக் கொண்டுவந்து கட்டி ஓட்டிப் போக வேண்டும். விற்றவர் பழைய கயிற்றைக் கழற்றி வாங்கிக்கொண்டு போய்க் கொட்டகையில் மாட்டிவைப்பார். மாடு போனாலும் மாட்டோடு வந்த நல்லது வீட்டில் தங்கும் என்று நம்பிக்கை. எனக்கு அன்றைக்கு வீடும் கிடையாது, கொட்டகையும் கிடையாது. அதனால் அதைப்பற்றி அபிப்பிராயமும் கிடையாது.

சீமை விதை

சிங்காரப்பேட்டையில் மூட்டை தூக்கிய கதையைப் போன வாரம் எழுதினேன். அங்கிருந்து கிளம்பி, மத்திகிரிப் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் துரைசானியின் பண்ணையில் வந்து சேர்ந்தேன். அங்கே ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தேன். எனக்கு அது அதிகம்.

துரைசானியின் கணவர் ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். குளிருக்கும் மண்ணுக்கும் ஆசைப்பட்டு இங்கே நிலம் வாங்கினார்கள். நான் போய்ச் சேர்ந்த சில மாதங்களில் துரை இறந்துபோனார். அதற்குப் பிறகு அந்த அம்மாள் தனியாகவே எல்லாவற்றையும் பார்த்தார். கொஞ்சம் மாடு, கோழி, பன்றி, மீதியெல்லாம் காய்கறி. வாரா வாரம் கூடை கூடையாக பெங்களூர் கன்டோன்மென்டுக்குப் போகும்.

நான் அஞ்சாவது வரை படித்தவன். இங்கிலீஷ் எழுத்து அடையாளம் தெரியும். அதனால் களை வெட்டுகிற வேலையோடு, கூடைகளில் பிரஷ்ஷால் பெயர் எழுதுகிற வேலையும் எனக்கு வந்தது. எல்லாக் கூடையிலும் ஒரே சொல்தான். ஹோம்குரோன். பண்ணை வாசலில் ஒரு பலகையிலும் அதே சொல். மழைக்கு எழுத்து வெளிறும்போதெல்லாம் வெள்ளைப் பெயின்ட் டப்பாவோடு ஏணி மேல் ஏறுவேன்.

அர்த்தம் கேட்டேன். துரைசானிக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம். "கடை இல்லே. சந்தை இல்லே. இங்கே. நம்ம வீடு," என்று காலால் மண்ணைத் தட்டிக் காட்டினார்.

பிறகு அந்தச் சொல்லை எதற்கெல்லாம் சொல்கிறார் என்று கவனித்தேன். கேரட்டுக்கு, பீட்ரூட்டுக்கு, முட்டைக்கு, அவர் காய்ச்சும் கொய்யாப்பழ ஜாமுக்கு. மேசையில் வைக்கும் ரோஜாவுக்கு. பெங்களூரிலிருந்து விருந்தாளிகள் வந்தால் ஒவ்வொரு தட்டாகக் காட்டி ஹோம்குரோன், ஹோம்குரோன் என்பார். ஒரு தடவை பரிமாறிக்கொண்டிருந்த என்னைக் காட்டி அவர்களில் ஒருவர், "இவனுமா?" என்று கேட்டார். துரைசானி சிரித்துக்கொண்டே, "இல்லை, இவன் காற்றில் வந்து விழுந்தவன்," என்றார். அதை அபிநயம் பிடித்துக் காட்டியதால் எனக்குப் புரிந்தது. தப்பில்லை. அப்படித்தான் வந்தேன்.

எங்கள் பக்கத்தில் இதற்கு வேறு சொல் உண்டு. தமிழில் நாட்டுக்கோழி. கன்னடத்தில் நாட்டிக் கோளி. தெலுங்கில் நாட்டுக் கோடி. மூன்று பாஷைக்காரரும் தகராறு இல்லாமல் ஒத்துக்கொண்ட சொல் அது ஒன்றுதான். அதற்கு எதிர்ச்சொல் சீமை.

இதில் துரைசானிக்கு ஒரு மனக்குறை இருந்தது. அவருடைய விதையெல்லாம் கப்பலில் படம் போட்ட பொட்டலங்களில் வந்தவை. எங்கள் மண், எங்கள் தண்ணீர், எங்கள் மாட்டுச் சாணம், நாகம்மாக்காவின் களைவெட்டு. இத்தனையிலும் விளைந்த கேரட்டை ஓசூர்ச் சந்தையில் எவரும் நாட்டுக் கிழங்கு என்று சொல்லவில்லை. சீமைக் கிழங்கு என்றே சொன்னார்கள். எத்தனை வருஷம் இங்கே முளைத்தால் அது நாட்டுக் கிழங்காகும் என்று அவர் ஒருநாள் என்னைக் கேட்டார்.

இப்போது ஹோம்குரோன் என்ற சொல் மறுபடி புழக்கத்துக்கு வந்திருக்கிறது. ஓசூரில் பெரிய கடைகளில் கீரைக் கட்டின் மேல் காகிதம் ஒட்டி அதைப் போடுகிறார்கள். கம்பெனிகளுக்கும் அந்தப் பட்டம் கொடுத்துப் பத்திரிகையில் எழுதுகிறார்கள். அதைப் படிக்கும்போது எனக்குக் கீரையோ கம்பெனியோ நினைவுக்கு வருவதில்லை. ஒரு செவலைப் பசு வருகிறது.

குடிசைக்குள் வளர்ந்தது

நாகம்மாக்கா பண்ணையில் களை வெட்டுபவள். வீட்டில் தெலுங்கு, வயலில் தமிழ், சந்தையில் கன்னடம். புருஷன் கோலார்ப் பக்கம் வேலைக்குப் போனவன், போனவனாகவே இருந்துவிட்டான். பண்ணை வேலியை ஒட்டி ஒரு குடிசை, ஒரு மகள்.

நான் வருவதற்கு முன்னால் நடந்தது இது. துரைசானி கிருஷ்ணகிரிச் சந்தையில் ஒரு சினைமாட்டை வாங்கினார். அது கன்று போட்டுவிட்டுச் செத்துப்போனது. கன்று எழுந்து நிற்கவில்லை. இது பிழைக்காது என்று துரைசானி சொல்லிவிட்டார். கெட்ட மனசு இல்லை. பண்ணை நடத்துகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

நாகம்மாக்கா அதைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு குடிசைக்குப் போனாள். ஆட்டுப் பாலில் விரலை நனைத்துச் சப்பக் கொடுத்தாள். பிறகு கேழ்வரகுக் கஞ்சி. அடைமழையில் மகள் ஒரு பக்கம், கன்று ஒரு பக்கம் படுத்துக்கொண்டன. செவலை நிறம் என்பதால் எர்ரம்மா என்று பெயர் வைத்தாள். தெலுங்கில் எர்ர என்றால் சிவப்பு.

குடிசை கொள்ளாமல் வளர்ந்தபோது அது பண்ணைக் கொட்டகைக்கு வந்தது. துரைசானி ரோசி என்று கூப்பிட்டார். ரோசி என்றால் காதை ஆட்டும். எர்ரம்மா என்றால் வரும். மேய்ச்சல் முடிந்து திரும்பும்போது தினமும் குடிசை வாசலில் தலையை நுழைத்து நிற்கும். கதவு நிலையில் அதன் கழுத்து உரசி உரசி மரம் வழவழவென்று ஆகிவிட்டது. நான் அதில் கை வைத்துப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பசுவையும் துரைசானி ஹோம்குரோன் என்றே சொன்னார். பெங்களூர் விருந்தாளி ஒருவர் திருத்தினார், அந்தப் பேச்சைத் துரைசானி பிறகு எனக்கு அபிநயத்தோடு விளக்கினார். மாட்டுக்கு அந்தச் சொல் ஒட்டாதாம், அது செடிகொடிக்காம். மாட்டுக்கு ஹோம்பிரெட் என்று சொல்ல வேண்டுமாம், அதாவது தாயும் தகப்பனும் நம் கொட்டகையில் இருந்து பிறந்தது. துரைசானி விடவில்லை. தாய் சந்தையிலிருந்து வந்தது, தகப்பன் யாரென்று கடவுளுக்குத்தான் தெரியும், ஆனால் வளர்ந்தது இங்கே, ஆகவே ஹோம்குரோன்தான் என்றார். பீட்ரூட் மாதிரியா என்று விருந்தாளி சிரித்தார். பீட்ரூட் மாதிரிதான் என்றார் துரைசானி.

வளர்ந்த வீடு எது என்பது அந்தப் பேச்சில் வரவில்லை. நாகம்மாக்கா அப்போது ஜன்னலுக்கு வெளியே வெங்காயப் பாத்தியில் இருந்தாள். அந்தக் கேள்வி வந்திருந்தாலும் அவளுக்குப் புரிந்திருக்காது. அவளுமே அது துரைசானி மாடு என்றுதான் சொல்வாள்.

முறத்தில் கேழ்வரகு

துரை இறந்த பிறகு பண்ணை நொண்டியடித்தது. ஐப்பசி கார்த்திகையில் துரைசானி முடிவு செய்துவிட்டார். நிலத்தை விற்றுவிட்டுத் தங்கையிடம், கப்பலேறிப் போவது. ஆடு மாடு கோழி மொத்தமும் பெங்களூர்ப் பக்கத்து மாட்டு வியாபாரி சென்னப்பாவுக்கு.

ஒன்றைத் தவிர. ரோசி நாகம்மாவுக்கு என்று எங்களை அழைத்துச் சொன்னார். நாகம்மாக்கா நம்பாமல் என் முகத்தைப் பார்த்தாள்.

அவளுக்கு அந்த மாடு எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். மெலிந்த பெண், பால் ஊறுமா என்று தாய்க்குப் பயம். எர்ரம்மாவும் நிறைசினை. பண்ணை மூடிவிட்டால் கூலி இல்லை. ஒரு கறவை மாடு இருந்தால் குழந்தைக்குப் பாலும் ஆகும், மீதியை ஊற்றி வயிற்றையும் கழுவலாம். அன்று சாயங்காலம் வேலியோரம் புதுக் கயிறு ஒன்றை அவளே உட்கார்ந்து திரித்தாள். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். தெலுங்கில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே திரித்தாள்.

மறுநாள் காலையில் குளித்து, முறத்தில் கேழ்வரகும் மேலே ஒரு மஞ்சள் துண்டும் வைத்து, புதுக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.

துரைசானியும் ஏற்பாடாக இருந்தார். ரோசியைக் குளிப்பாட்டி, கழுத்தில் பித்தளை மணி கட்டியிருந்தார். கயிற்றில் சிவப்பு நாடா சுற்றியிருந்தார். அந்தக் கயிறு நான் திரித்தது. பண்ணை வேலிக் கற்றாழையை வெட்டி, குட்டையில் ஊறப்போட்டு, நாற்றத்தோடு நாற்றமாக நார் உரித்துத் திரித்தது.

"நாகம்மா, ரோசி உனக்கு. காசு வேணாம். மணி உனக்கு. கயிறு உனக்கு. எல்லாம்," என்று கயிற்றை நீட்டினார்.

நாகம்மாக்கா கயிற்றை வாங்கவில்லை. முறத்தை அவர் காலடியில் வைத்தாள். மாட்டின் கழுத்திலிருந்து பழைய கயிற்றை அவிழ்க்கப் போனாள்.

"நோ நோ. கயிறும் உனக்கு."

"டேய் வேடியப்பா, அவங்கள வாங்கிக்கச் சொல்லுடா. அவங்க கையில வாங்குனாத்தான் நான் என் கயித்தப் போட முடியும்."

நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். ரோப் யூ கீப். கவ் ஷி டேக்.

"ஏன்?" என்றார் துரைசானி. "புதுக் கயிறு எதுக்கு? இது நல்ல கயிறு."

வழக்கம் என்பதற்கு இங்கிலீஷில் என்ன என்று எனக்குத் தெரியாது. எனக்கு நன்றாகத் தெரிந்த இங்கிலீஷ்ச் சொல் ஒன்றுதான். கவ் ஹோம்குரோன் அம்மா, ரோப் ஹோம் என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஆமாம் ஆமாம், இந்தக் கயிறும் இங்கே விளைந்ததுதான், இந்த வேலிக் கற்றாழை, நீ திரித்தது, அதனால்தான் கயிற்றோடு கொடுக்கிறேன் என்று சந்தோஷமாகச் சொன்னார். பிறகு கீழே பார்த்தார். "இது என்ன, கேப்பை?"

"சும்மா வாங்கக் கூடாதுல்ல, அதுக்குன்னு சொல்லு," என்றாள் நாகம்மாக்கா.

பிரைஸ், லிட்டில் என்றேன். துரைசானியின் முகம் மாறியது. "நான் விற்கலே. நாகம்மாவுக்கு நான் விற்கமாட்டேன். குடுக்கறேன்." முறத்தை மெதுவாகக் காலால் அல்ல, குனிந்து கையால்தான், நாகம்மாக்கா பக்கம் நகர்த்தினார். கயிற்றை மறுபடி நீட்டினார்.

நாகம்மாக்கா ஓரடி பின்னால் போனாள்.

"வெறுங்கையில, கயித்தோட வாங்கறது சாவு வூட்டுத் தானம்டா. அந்தத் துரை செத்து வருசம் திரும்பல. என் வூட்ல புள்ளத்தாச்சி இருக்கறா. நான் எப்புடி வாங்குவன்? எடுத்துச் சொல்லுடா அப்பா. அவங்க நல்லதுக்குத்தான் குடுக்கறாங்க, எனக்குத் தெரியுது. கயித்த மட்டும் புடிச்சுக்கச் சொல்லு. ஒரு நிமிசம் புடிச்சாப் போதும்."

சாவு என்பதற்கு இங்கிலீஷ் தெரியும். அதைச் சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரிந்தது. சொன்னேன். துரை டெட், கயிறு நோ குட் என்றேன்.

புருஷன் பேச்சை ஏன் எடுக்கிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம், கொடுக்கிற கயிற்றை இவள் தொடமாட்டேன் என்கிறாள், தன் வீட்டுக் கயிறு ஆகாது என்று வேறு கயிறு கொண்டுவந்திருக்கிறாள், பிச்சையாக வேண்டாம் என்று தானியத்தை முன்னால் வைக்கிறாள். அவருடைய கழுத்து சிவந்துகொண்டே வந்தது. மாடு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு முறத்தில் வாயை வைத்தது.

அதற்கு நான் சிரித்திருக்க வேண்டும், யாராவது சிரித்திருந்தால் கூட நிலைமை இளகியிருக்கும். யாரும் சிரிக்கவில்லை.

நாகம்மாக்கா முறத்தை எடுத்தாள். மாட்டின் நெற்றியில் கை வைத்தாள். திரும்பிப் போனாள். தோளில் புதுக் கயிறு அப்படியே கிடந்தது.

மறுநாள் நான் இன்னொரு தடவை பேச்சைத் தொடங்கினேன். துரைசானி கையை உயர்த்தி, ஃபினிஷ் என்றார். ரோசியும் சென்னப்பா கணக்கில் சேர்ந்தது. அந்த வாரமே நாகம்மாக்கா மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு சூளகிரியில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

சென்னப்பாவின் கயிறுகள்

சென்னப்பா இரண்டு ஆட்களோடு வந்தார். ஆட்களின் தோளில் புதுக் கயிறுகள்.

ஒவ்வொரு மாடாக வெளியே வந்தது. ஆள் புதுக் கயிற்றைக் கட்டுவான், பழைய கயிற்றை அவிழ்த்துச் சென்னப்பாவிடம் கொடுப்பான். சென்னப்பா அதை இரண்டு கையிலும் ஏந்தி, "ஹிட்கொள்ளி, அம்மாவரே," என்று துரைசானியிடம் நீட்டுவார். பிடித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். துரைசானி மாடுகளைப் பார்த்தபடி கவனமில்லாமல் வாங்கி வாங்கி வராந்தா நாற்காலியில் போட்டுக்கொண்டிருந்தார். 

கடைசியாக ரோசி வந்தது. சிவப்பு நாடா சுற்றிய கயிறு கைக்கு வந்தபோதுதான் அவர் குனிந்து பார்த்தார். நாற்காலியில் கிடந்த கயிறுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வேடி. ஏன் கயிறு குடுக்கறான்?"

"வழக்கம் அம்மா. ரோப் வீட்டுக்கு."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

"நாகம்மா?"

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அந்த அம்மாள் படியிறங்கி ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. சென்னப்பாவின் முன்னால் நின்று, இந்த ஒன்று வேண்டாம், இது மட்டும் திருப்பிக் கொடு, பணம் தருகிறேன் என்றார். சென்னப்பா கெட்டவர் இல்லை. சங்கடப்பட்டார்.

"ஆகல்ல அம்மாவரே. இந்த ஒண்ணுக்காகத்தான் மத்தத எல்லாம் எடுத்தன். கன்டோன்மென்டுல வாக்கு குடுத்தாச்சு. கயிறு மாறிடுச்சு, கையில வாங்கிட்டீங்க. மாறினது மாறினதுதான்."

கயிற்றைக் கையில் வாங்கினால் விற்றதாக ஆகிவிடும். அதைத்தான் நாகம்மாக்கா ஒரு நிமிஷம் செய்யச் சொன்னாள்.

மாடுகள் ஓசூர்ப் பக்கம் நடந்தன. குடிசை அருகில் எர்ரம்மா நின்று வாசலில் தலையை நுழைத்தது. உள்ளே யாரும் இல்லை. ஆள் இழுத்தான். போயிற்று.

துரைசானி வெகுநேரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் அந்தக் கயிற்றைச் சுருட்டி என்னிடம் கொடுத்தார். மணி அவரிடம் இல்லை, மாட்டோடு போய்விட்டது.

"நாகம்மாகிட்ட குடு. எனக்குத் தெரியாது, சொல்லு." கொஞ்சம் நிறுத்தி, இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். ஹோம்குரோன் என்றார். பிறகு, மை ஹோம் நோ, ஹெர் ஹோம் என்று எனக்குப் புரிகிற இங்கிலீஷில் சொன்னார். அதையும் சொல்லச் சொன்னார்.

இரவு பலகையை இறக்கி உள்ளே வைத்துவிட்டு, விடிந்ததும் கிளம்பினேன். எனக்கும் அங்கே வேலை முடிந்துவிட்டது.

சூளகிரி

மலை முன்னால் வெகுநேரம் ஒரே தூரத்தில் நின்றது. பொழுது சாயும்போது ஊருக்குள் நுழைந்தேன். தம்பி வீடு ஊருக்கு வெளியே, கேழ்வரகுக் களத்துப் பக்கம். நாகம்மாக்கா அடித்த கேழ்வரகுத் தாளைக் குவித்துக்கொண்டிருந்தாள். உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்டது.

என்னைக் கண்டாள். என் தோளில் இருந்த கயிற்றைக் கண்டாள். சிவப்பு நாடாவை அடையாளம் தெரிந்துகொண்டாள். தாளைக் கீழே போட்டுவிட்டு எனக்குப் பின்னால், நான் வந்த சாலையைப் பார்த்தாள்.

"மாடு வரலக்கா," என்றேன்.

"தெரியுது," என்றாள்.

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சென்னப்பா கயிறு நீட்டியதை, துரைசானி ஓடியதை. தெரியாமல் செய்துவிட்டேன் என்று துரைசானி சொல்லச் சொன்னார் என்றேன். ஹோம்குரோன் என்றால் என்ன என்றும், அது உன் வீட்டில் வளர்ந்தது, உன் வீட்டு மாடு என்று துரைசானியே வாயால் சொன்னார் என்றும் சொன்னேன்.

அவள் கயிற்றை வாங்கி முகத்துக்கு அருகே கொண்டுபோனாள். மோந்து பார்த்தாள். பிறகு என் மடியில் திருப்பி வைத்தாள்.

"வளத்தது நானு. சரி. வித்தது யாரு?"

"அவங்கதான்."

"நான் விக்காத மாட்டுக் கயித்த எப்புடி என் வூட்ல கட்டறது? அவங்க வித்தாங்க, அவங்க வூட்ல இருக்கணும்."

"அவங்களுக்கு வூடு ஏதுக்கா இனிமே? கப்பல்ல போறாங்க."

உள்ளே குழந்தை மறுபடி அழுதது. ஆட்டுப் பால் காய்ச்சுகிற வாசம் வந்தது. முன்பு கன்றுக்குக் கொடுத்த அதே பால்.

"அந்தம்மா அழுதாங்களா?" என்று கேட்டாள்.

"அழுவல. ஓடுனாங்க."

"படியிறங்கியா? முட்டி வலிக்குமே அவங்களுக்கு," என்றாள். எழுந்து போய்த் தாளை அள்ளினாள். அள்ளியபடியே சொன்னாள், "நீயே வெச்சுக்கடா. வூடு வாசல் இல்லாதவன். உன்கிட்ட இருந்தா நல்லதும் ஆவாது, கெட்டதும் ஆவாது."

கோபமாகச் சொல்லவில்லை. எங்கே வைத்தால் யாருக்கும் பாதகம் இல்லை என்று யோசித்துச் சொன்னாள். அப்போது எனக்கு அது சரியாகத்தான் பட்டது. வயதான பிறகுதான், ஒரு வீடு என்று ஆன பிறகுதான், அந்த வார்த்தையைச் சில சமயம் நினைத்துக்கொள்கிறேன்.

களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டாள். களத்தில் தாள் மேல் படுத்துத் தூங்கினேன்.

காலையில் பெரிய சாலைக்கு வந்து நின்றேன். கிருஷ்ணகிரிப் பக்கம் போவதா, வந்த வழியே பெங்களூர் போவதா என்று முடிவு செய்திருக்கவில்லை. புளியமரத்தடியில் ஒரு மேஸ்திரி பீடி குடித்துக்கொண்டிருந்தார். காலடியில் ஒரு கட்டுப் புதுக் கயிறு.

"ஏய், கயிறு! இங்க வா."

போனேன்.

"மாட்டாள் தான நீ?"

"ஆமாங்க."

"பெங்களூர்க்காரரு இந்தப் பக்கம் மாடு புடிச்சிருக்கறாரு. வூடு வூடாப் போயிக் கட்டி ஓட்டியாரணும். சோறு போட்டுக் கூலி. வரியா?"

"வரன்."

"தோள்ல இருக்கறது பழசு. அது ஆவாது. இத எடுத்துக்க." புதுக் கயிற்றுக் கட்டை என் இன்னொரு தோளில் வைத்தார்.

முதல் வீடு மலையடிவாரத்தில். ஒரு வெள்ளைக் கிடாரி. வீட்டுக்காரம்மா எங்கள் ஆட்களைத் தொட விடவில்லை. தானே பழைய கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டாள். நான் புதுக் கயிற்றைக் கட்டினேன். முடிச்சுப் போடும்போது அவள் என் மறு தோளைப் பார்த்துக் கேட்டாள்.

"அது எந்த மாட்டுக் கயிறு தம்பி?"

கிடாரி வாசலைவிட்டு நகர மறுத்துக் காலை ஊன்றி நின்றது. புதுக் கயிற்றைப் பிடித்து இழுத்தேன்.